ஒரு கூறா, இரண்டு கூறா

குன்னம் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஊரில் வைகாசி மாதம் கருப்புக்குக் கிடா வெட்டுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் அய்யனார் சைவம் என்பதால் அவருக்குத் திரை போட்டுவிட்டுத்தான் வெட்டு. கறியை ஊரில் எத்தனை தலைக்கட்டோ அத்தனை கூறாகப் பிரித்து, வாழையிலைகளில் வரிசையாக வைப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். கல்யாணம் ஆன ஒருவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒன்று. கல்யாணம் ஆகாதவனுக்குத் தனிக்கூறு கிடையாது. தலை நரைத்தாலும் அவன் அப்பனுடைய கூறில்தான் தின்ன வேண்டும்.

இந்தக் கணக்குக்குள் நாங்கள் இரண்டு பெண்கள் போய் விழுந்தோம். எங்களை எப்படி எண்ணுவது என்று ஊர் முழித்த கதை இது. எனக்கு அதில் ஆசை ஒன்றே ஒன்றுதான். யாரும் எங்களைப் பிரித்துப் போடாமல், ஒரே வீட்டுக்காரர்களாக எண்ணிவிட வேண்டும்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தியவள். அவள் கால்நடை மருத்துவர். ஊரே டாக்டரம்மா என்று கூப்பிட்டதால் நானும் இங்கே டாக்டர் என்றே சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் சந்திப்பு 1996இல், அரியலூரில், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில். பசு கன்று போட முடியாமல் தவித்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவள் வந்த வேகத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "யாராவது வாலப் புடிங்க" என்றாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான்தான் அங்கே சும்மா நின்றவள். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மாட்டு வால். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்ததும், தோள் வரைக்கும் ரத்தமும் சாணியுமாக அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊரில் மற்றவர்களுக்குக் கோயிலிலோ பஸ்ஸிலோ வருகிற காதல் எனக்கு அந்த நாற்றத்தில் வந்தது. 

அடுத்த வருடம் அவளுக்குக் குன்னம் பக்கம் மாற்றல். எனக்குப் பெரம்பலூரில் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து வீடு எடுக்கிறோம் என்றதும் என் அம்மாவுக்கு ஏக நிம்மதி. "தனியா கெடக்குற பொண்ணுக்கு நல்ல தொணை அமஞ்சுது" என்று எல்லோரிடமும் சொன்னாள். எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வீடு கிடைத்தது அதைவிட வேடிக்கை. கல்யாணமாகாத ஆண்களுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். இரண்டு பெண்கள், அதுவும் ஒருத்தி டாக்டர், ஒருத்தி டீச்சர் என்றால் தட்டில் வைத்துத் தருவார்கள். வீட்டுக்கார அக்கா வெங்காயமும் பருத்தியும் போடுகிற விவசாயி. கணவர் கோயில் கமிட்டியில் இருந்தார். அக்கா சாவியைக் கொடுக்கும் முன் கேட்டது இரண்டே கேள்வி. "கறி திம்பீங்களா? ஆம்பளைங்க வந்து போவாங்களா?" முன்னதற்கு ஆமாம், பின்னதற்கு இல்லவே இல்லை என்றோம். எங்களைப் போல ஒழுக்கமான பெண்களைப் பார்த்ததே இல்லை என்றார். ஒரே ஒரு கட்டில் கிடப்பதைப் பார்த்து, "எடம் பத்துமா? எங்ககிட்ட ஒரு கயித்துக் கட்டில் சும்மாத்தான் கெடக்கு" என்று இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாத பிள்ளைகள் என்ற பெயரும் சேர்ந்து கிடைத்தது.

மறு வைகாசியில் கேள்வி கமிட்டிக்கு வந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் பொதுவாகக் கூறு இல்லை. ஆனால் கிடாவைப் பார்த்து நோயில்லை என்று சொல்கிறவளே டாக்டர்தான். அவளுக்கு வைக்காமல் இருக்க முடியாது. எத்தனை வைப்பது? இரண்டு பேரும் சம்பாதிக்கிறவர்கள், இரண்டு கூறு வையுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், கல்யாணமாகாதவர்களுக்குக் கூறே கிடையாது என்று சட்டம் பேசினார். கடைசியில் அக்காவின் கணவர் தீர்த்து வைத்தார்.

"அடுப்பு எத்தன எரியுது?"

"ஒண்ணுதாங்க" என்றாள் டாக்டர்.

"அப்ப ஒரு கூறு. அடுத்த வேலயப் பாருங்கப்பா."

தூக்குவாளியில் கறியோடு வந்து அவள் இதைச் சொன்னபோது நான் குதித்தே விட்டேன். யோசித்துப் பாருங்கள். தாலி இல்லை, பந்தல் இல்லை, ஒரு சாட்சிக் கையெழுத்து இல்லை. கறி கூடுதலாகப் போய்விடக் கூடாது என்ற சிக்கனத்தில் ஒரு ஊர் எங்களைக் குடும்பம் என்று அறிவித்துவிட்டது. டாக்டருக்கு என் உற்சாகம் புரியவில்லை. "பாதிக்குப் பாதி எலும்பு. அதுக்கா ஆடுற?" என்றாள்.

அப்போது நான் திருச்சியில் பகுதி நேர ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, பழைய ஏரிகளும் அவற்றின் பராமரிப்பும். என் ஆராய்ச்சிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது முடியக் கூடாது. அது நடக்கும் வரைக்கும், "படிப்பு முடியட்டும், அப்புறம் கல்யாணம் பாக்கலாம்" என்று அரியலூரில் எல்லோர் வாயையும் அடைக்க முடிந்தது. என் ஏரிகள் வருடா வருடம் பெருகின. ஒரு கட்டத்தில் மாவட்டத்தில் நான் பார்க்காத குட்டையே கிடையாது.

கல்வெட்டுக்காக வாலிகண்டபுரம் கோயிலுக்கு அடிக்கடி போவேன். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், வரி கட்டியவர் என்று கல்லெல்லாம் கொடையும் வரியும்தான். யார் யாரை நினைத்து ஏங்கினார்கள் என்று எவரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. அந்த மௌனம் என்னைப் படுத்தியது. ஒருநாள் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம், பெண்களுக்குள் இருந்த நேசத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று, மூன்றாம் மனுஷி போலக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நம்ம பண்பாட்டுல அதெல்லாம் இல்லம்மா. மேல்நாட்டுச் சரக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேல்நாட்டிலிருந்து வந்தது எங்களைப் போன்றவர்கள் அல்ல, எங்களைக் குற்றவாளி என்று சொல்லப் பயன்பட்ட சட்டப் பிரிவு. அதை எழுதி வைத்துவிட்டுப் போனவன் வெள்ளைக்காரன். இதை அவரிடம் சொல்லவில்லை. ஏரியைப் பற்றி இன்னொரு சந்தேகம் கேட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஆனால் அந்தக் கோபத்தில் நேர் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். எந்தக் காலத்திலும் எங்களைப் போலவே அச்சு அசலாக ஆட்கள் இருந்திருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள் என்று கிளம்பினேன்.

கிடைத்தார்கள், அதுவும் எங்கள் ஊரிலேயே. அக்காவோடு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தபோது, கிழக்குக் காட்டில் இருக்கும் பழைய கிணற்றை வெட்டியது இரண்டு பெண்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய பாட்டன் காலமாம். ஒருத்தியின் புருஷன் கடல் கடந்து பிழைக்கப் போய்த் திரும்பவில்லை. இன்னொருத்தி எங்கிருந்தோ அறுப்புக்கு வந்தவள், அறுப்பு முடிந்தும் போகவில்லை. இருவரும் சேர்ந்து கிணறு வெட்டி, கொல்லைக் காட்டைத் திருத்தி, சாகும்வரை ஒரே குடிசையில் இருந்தார்கள்.

"அவங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன மொறை, அக்கா?"

"மொறை என்ன மொறை? சேந்து இருந்தாங்க."

"ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"கெணத்துல தண்ணி நல்லா ஊறுச்சு. ஊருக்கே குடுத்தாங்க. என்னத்தச் சொல்லுவாங்க?"

சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் நான் முழுக் கதையையும் கட்டி முடித்திருந்தேன். அறுப்புக் காட்டில் முதல் பார்வை, கிணற்று மேட்டில் பேச்சு, எல்லாம் தயார். அவள் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இதுல அக்கா சொன்னது எவ்வளவு, நீ சேத்தது எவ்வளவு?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். வயித்துக்கில்லாம ரெண்டு பேரு சேந்து பொழச்சதாவும் இருக்கலாம். நீ அவங்களக் கையப் புடிச்சு இழுத்தாந்து நம்ம வூட்டுல குடி வெக்கப் பாக்குற."

ரோஷத்தில் நான் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பேராசிரியர் அவர்களை இல்லை என்று அழித்தார். நானோ அவர்கள் முகத்தை அழித்துவிட்டு என் முகத்தை வரைந்தேன். இரண்டுமே சோம்பேறித்தனம்தான். அந்த இரண்டு பெண்களுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவர்களிடம் என்ன சொல் இருந்தது, சொல் வேண்டும் என்றே தோன்றியதா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் காலத்தில் ஊர் அவர்களிடம் கேட்ட கேள்வி வேறு என்பதுதான். தண்ணீர் தருவீர்களா என்று கேட்டது. யாரோடு படுக்கிறாய், அதனால் நீ எந்த வகை ஆள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதை வைத்து அவர் இன்ன ஜாதி மனிதர் என்று பிரிப்பதே பிற்பாடு வந்த வழக்கம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிணறும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.

வகுப்பில் இதை நேரடியாகச் சொல்ல முடியுமா? வேலை போய்விடும். அதனால் பஸ் ஸ்டாண்டைக் காட்டிப் பாடம் நடத்தினேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்கள் சுண்டுவிரல் கோர்த்துக்கொண்டு டீ குடிக்கப் போவது சர்வ சாதாரணம். போலீஸ்காரர்களே அப்படி நடப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஏதோ ஒரு படத்தின் தகராறு, பேப்பரில் கட்டுரை, கேபிள் டிவியில் விவாதம் என்று ஓரினச் சேர்க்கை என்ற சொல் ஊருக்குள் வந்தது. சில வருடத்தில் என் மாணவர்கள், கூடப் படிப்பவன் தோளில் கை போட்டால் "என்னடா, அதுவா?" என்று கேலி செய்து தட்டிவிட ஆரம்பித்தார்கள். கை பழைய கைதான், தோளும் பழைய தோள்தான். "இப்ப சொல்லுங்க, இதுல எது மாறுச்சு?" என்று கேட்டேன். முன் பெஞ்சிலிருந்து, "மேடம், டீ விலை" என்று பதில் வந்தது. சிரித்துத் தொலைத்தேன்.

அந்தச் சொல் வந்ததில் எனக்கு வருத்தம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை அதைப் பேப்பரில் படித்தபோது அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயோ எங்களைப் போல ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அதை நினைத்து எத்தனை சந்தோஷம்! அதே சொல்தான் ஒருநாள் எங்கள் வாசலுக்கும் வரும் என்று அதே நொடியில் பயந்தேன். பெயர் இல்லாதவரை நாங்கள் பத்திரமாக இருந்தோம், ஆனால் எங்களுக்கு எங்களைத் தவிர யாரும் இல்லை. அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி பிரிக்கலாமா என்று அரசாங்கமே தவித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒன்றா இரண்டா என்ற கேள்வி எங்களிடமும் வந்து சேர்ந்தது.

2006இல் ஒரு மத்தியானம் அக்கா வந்தார். டாக்டர் அப்போதுதான் ஏதோ மாட்டைப் பார்த்துவிட்டு வந்து கொல்லைப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா உட்காரவில்லை.

"டீச்சர், டிவில பேசிக்கிட்டிருந்தாங்க. பொம்பளையும் பொம்பளையும் புருசன் பொண்டாட்டி கணக்கா இருக்காங்களாமே. கோயில் தெருவுல உங்களத்தான் சொல்றாங்க. நெசமா?"

பத்து வருடமாக இதைப் பற்றியே படித்தவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, அந்த வார்த்தையே இப்ப வந்தது. முந்தி ஜனங்க இதையெல்லாம் வேற மாதிரி..." என்று ஆரம்பித்தேன். சேர சோழர் காலத்துக்கே போயிருப்பேன். அதற்குள் கொல்லையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"ஆமாக்கா."

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எப்பேருந்து?"

"இங்க வர்றதுக்கு முன்னாலேருந்தே."

"அப்ப எம் மவ கல்யாணத்துல ரெண்டு பேரும் மாலை கட்டுனீங்களே, அப்பவும்?"

"அப்பவும்தாங்க்கா."

"எங்க வூட்டுக்காரர ஆஸ்பத்திரில சேத்தப்ப எங்கூடவே வந்து கெடந்தீங்களே?"

"அப்பவும்."

"கட்டில் வேணாம்னீங்களே!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. புதிதாகக் கையில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டு, கடந்துபோன வருடங்களுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய் அது எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரலாற்றுக்காரர்கள் செய்கிற காரியமும் அதுதான், தப்பும் அதேதான் என்று எனக்கு அந்த நிலைமையிலும் தோன்றியது. அவர் திரும்பி வாசலைத் தாண்டி நடந்தார்.

பிறகு அக்கா வரவேயில்லை. வேலியோரம் பார்த்தாலும் குனிந்துகொண்டார். டாக்டர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதலாமா என்றாள். நான் சாமான்களை மனதுக்குள் கட்டி வைத்துவிட்டேன். ஒருநாள் காலையில் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டாக்டரம்மா, ஆடு எரை எடுக்கல. செத்த வந்து பாக்குறீங்களா?" என்றார். டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. 

ஆனால் ஊருக்குள் பேச்சு ஓயவில்லை. சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கமிட்டிக்குத் தலைவராகியிருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்கு டியூப்லைட் போட்டவர். ஊர் மானம் கெடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று நினைத்தார்.

2007 வைகாசி. எனக்குக் கல்லூரி விடுமுறை என்பதால் அந்த முறை நானும் அவளோடு கோயிலுக்குப் போனேன். இலைகள் வரிசையாகக் கிடந்தன. தலைவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"டாக்டரம்மா ஒண்ணு. டீச்சர் ஒண்ணு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கறி கூடுதலாகக் கிடைக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. எங்களை விரட்டவில்லை, திட்டவில்லை. மரியாதையாக, தாராளமாக, ஊர் பார்க்க எங்களைப் பிரித்து இரண்டு இலையில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் முந்தானையை இழுத்தேன்.

அவள் வரவில்லை. ஒரு இலையை அப்படியே இரண்டு கையாலும் எடுத்துப் போய், பிரிக்காமல் கிடந்த கறிக் குவியலில் கவிழ்த்தாள்.

"எங்களுக்கு எப்பவும் ஒரு கூறுதாங்க."

"இல்ல டாக்டரம்மா, உங்க நல்லதுக்குத்தான். ஊர் வாய அடைக்கணும்ல?"

"ஊர் வாய்க்குக் கறி வேணும்னா குடுத்துடுங்க. நாங்க ஒரே வூடு. தெரிஞ்சேதான் கேக்குறேன், தெரிஞ்சேதான் குடுக்கணும்."

முன்பு கூறு வைத்தபோது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது வைத்தால் எல்லாம் தெரிந்து வைப்பதாக ஆகும். அதே கருப்பு, அதே வாழையிலை, ஆனால் அன்றைக்கு வைத்ததும் இன்றைக்கு வைக்கப்போவதும் ஒன்றில்லை. வேப்ப மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். வந்து என் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டார். கமிட்டியில் இருந்த அவர் கணவர் அதைப் பார்த்தார். தலைவரும் பார்த்தார்.

தலைவர் மீதமிருந்த இலையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். குவியலிலிருந்து இன்னும் கொஞ்சம் கறியை அள்ளி அதில் சேர்த்தார். டாக்டர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கொடல் வெக்கவா? டீச்சர் திம்பாங்களா?"

"அவ தொட மாட்டா. எனக்குப் புடிக்கும். வைங்க."

வைத்தார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். குடலைப் பார்த்துக் கோயில் வாசலில் தேம்பித் தேம்பி அழுத வரலாற்று டீச்சர் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "அய்ய, புடிக்கலன்னா வுட்டுடுங்க டீச்சர், அதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.